சப்ளையரை மிரட்டி வேலை வாங்கும் தலைமை செய்யும் தவறுகள்

சரக்கு நேரத்துக்கு வரவில்லை, சப்ளையர் சரியில்லை என்று புலம்பும் தொழிற்சாலைகளில் நான் முதலில் கவனிப்பது, கெட்ட செய்தி வரும்போது மேலே இருப்பவர் என்ன செய்கிறார் என்பதைத்தான். காலை மீட்டிங்கில் "நாளைக்கு லைன் நிற்கும் போலிருக்கிறது சார்" என்று சொன்னவரை எல்லார் முன்னாலும் திட்டினால், அடுத்த முறை அவர் வாயைத் திறக்க மாட்டார், லைன் நின்ற பிறகுதான் உங்களுக்கே தெரியவரும். திட்டு வாங்கிய பர்ச்சேஸ்காரர் அதே குரலில் சப்ளையருக்குப் போன் போடுவார். அவரும் பழகிக்கொள்வார்: "வண்டி கிளம்பிடுச்சு சார்." வண்டி கிளம்பியிருக்காது. இதுதான் முதல் தவறு, மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பதுதான்.

அடுத்தது, விலையை மட்டுமே பார்ப்பது. 1992இல் அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் கொள்முதல் தலைவராக வந்த ஹோசே இக்னாசியோ லோபெஸ், ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்களையே திரும்பப் பேசவைத்துப் பெரிய விலைக்குறைப்பு கேட்டார். செலவு குறைந்தது உண்மைதான். 1993இல் அவர் ஃபோக்ஸ்வாகனுக்குப் போய்விட்டார், ஆனால் சப்ளையர்கள் மனதில் விழுந்த கசப்பு பல வருஷம் போகவில்லை.

இன்னொரு பக்கம் டொயோட்டாவைப் பாருங்கள். 1997 பிப்ரவரி 1 விடியற்காலை, ஜப்பானின் கரியா நகரில், டொயோட்டாவுக்குப் பாகங்கள் செய்து தரும் ஐசின் நிறுவனத்தின் ஆலை எரிந்துபோனது. டொயோட்டா வண்டிகளுக்கான ஒரு சின்ன பிரேக் வால்வு கிட்டத்தட்ட முழுவதும் அங்கேதான் தயாரானது, கையிருப்போ சில மணி நேரத்துக்குத்தான். ஜப்பானில் டொயோட்டாவின் ஆலைகள் வரிசையாக நின்றன. அப்புறம் நடந்ததுதான் முக்கியம்: ஐசின் தன் வரைபடங்களைத் தாராளமாகக் கொடுத்தது, ஏராளமான நிறுவனங்கள், தையல் மெஷினுக்குப் பெயர்போன பிரதர் உட்பட, விலை பேசி முடிக்கும்வரை காத்திராமல் வால்வு செய்ய இறங்கின, சுமார் ஒரு வாரத்தில் உற்பத்தி ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்தது. மிரட்டி இதை வாங்க முடியாது. பல வருஷம் பேச்சு மாறாமல் நடந்துகொண்டதற்குக் கிடைத்த பலன் அது.

சரி, டொயோட்டா கதையைப் படித்துவிட்டு, அவர்களைப் போலவே கையிருப்பு ஸ்டாக்கை மட்டும் குறைப்பவர்கள் இருக்கிறார்களே, அது மூன்றாவது தவறு. உறவு இல்லாமல் ஸ்டாக்கைக் குறைத்தால் மிஞ்சுவது ஆபத்துதான். டொயோட்டாவே 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு கீழ்மட்ட சப்ளையர்கள் யார் யார் என்று தேடிப் பட்டியல் போட்டது, சிப் போன்றவற்றைக் கூடுதலாக இருப்பு வைக்கச் சொன்னது.

மேடையில் "நீங்கள் எங்கள் பங்காளிகள்" என்று பேசிவிட்டு, பர்ச்சேஸ் மேனேஜரின் இன்கிரிமென்டை விலைக்குறைப்பை மட்டும் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். அவர் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார், அந்த இன்கிரிமென்ட் ஷீட்டைத்தான் கேட்பார். பில்லை இழுத்தடிப்பதும் அப்படித்தான். குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று இந்தியாவின் 2006ஆம் ஆண்டுச் சிறுதொழில் மேம்பாட்டுச் சட்டமே (MSMED) சொல்கிறது. சம்பளம் போட வட்டிக்கு அலையும் ஒருவரிடம் தரத்தைப் பற்றி வகுப்பெடுப்பதற்கு முன், உங்கள் அக்கவுண்ட்ஸில் அவர் பில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.