பிறின்ரர் மை அளவைத் திருத்துவது: முகத்துக்கு முன்னர் சாம்பலைப் பாருங்கள்

வன்னியில் டிஜிற்றல் அச்சுக் கடை வைத்திருப்பவருக்கு வரும் வேலையில் பாதி முகங்கள்தான். 31ஆம் நாள் கல்வெட்டு (இறந்தவரின் நினைவுப் புத்தகம்), சாமத்திய வீட்டு அல்பம், வற்றாப்பளைப் பொங்கல் நேரத்துப் பனர். மாநிற முகம் கொஞ்சம் சிவந்து வந்தாலே, கல்வெட்டை வாங்கிப் பார்க்கும் அம்மா "இது அவர் மாதிரி இல்லையே தம்பி" என்பார். உடனே போட்டோஷொப்பில் படத்தைத் திருத்தப் போகாதீர்கள். எல்லாப் படமும் ஒரே மாதிரிச் சிவந்தால் பிழை மை விழும் அளவில்தான்.

முதலில் நொசில் செக், அதாவது மை வரும் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று கோடுகள் அடித்துப் பார்ப்பது. ஒரு கோடு அறுந்திருந்தாலும் சுத்தம் செய்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். வேலைக்குப் போடும் அதே தாளையே போடுங்கள், தாள் மாறினால் கணக்கும் மாறும்.

பிறகு சியான் (பச்சை கலந்த நீலம்), மஜென்ரா (ஊதா கலந்த ரோசா), மஞ்சள், கறுப்பு என நான்கு மையையும் தனித்தனியாக, 10 வீதத்திலிருந்து 100 வரை கட்டம் கட்டமாக அடியுங்கள். 80, 90, 100 மூன்றும் ஒரே மாதிரித் தெரிந்தால் அந்த மைக்கு எல்லை 80, அதற்கு மேல் விடுவது வீண். நான்கும் சேர்ந்தால் 400 வீதம், அதை எந்தத் தாளும் தாங்காது. பூச்சுத் தாளுக்கு 300 அளவில் தொடங்கி, மை ஊறினால் குறையுங்கள். மாரியில் காயப் பிந்தும், இன்னும் கவனம். எல்லை வைத்தபின் கட்டங்கள் சீராக ஏறும்படி றிப் மென்பொருளில் (படத்தை மைப் புள்ளிகளாக மாற்றிப் பிறின்ரருக்கு அனுப்புவது) அந்த மையின் வளைகோட்டைச் சரிசெய்யுங்கள்.

இனித்தான் முக்கியமான இடம். சியான் 50, மஜென்ரா 40, மஞ்சள் 40 கலந்து ஒரு கட்டம், பக்கத்தில் கறுப்பு மட்டும் 50. இரண்டும் ஒரே சாம்பலாக வர வேண்டும், இதில் வேறு சாயல் அடித்தால் முகத்திலும் அடிக்கும். (சியான் மை மற்ற இரண்டின் வேலையிலும் கொஞ்சத்தைத் தானே செய்துவிடும், அதனால்தான் அவை குறைவு.) அரை மணி நேரமாவது காயவிட்டு, ரியூப் லைற்றில் பார்க்காமல் வாசல் நிழலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ரோசா சாயல் அடித்தால் றிப்பில் மஜென்ராவைக் குறையுங்கள், பச்சை அடித்தால் கூட்டுங்கள், நீலம் அடித்தால் மஞ்சளைக் கூட்டுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மை, அதுவும் 2 வீதம் மட்டும். அவசரப்பட்டு இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

சாம்பல் பொருந்தியதும் ஐசிசி புரொபைலை (இந்தப் பிறின்ரரிலும் தாளிலும் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) புதிதாகச் செய்யுங்கள், பழையது பழைய மை அளவுக்குச் செய்தது. சரி வந்த துண்டில் திகதியும் தாளின் பெயரும் எழுதி, வெயில் படாத லாச்சியில் வையுங்கள். புதுப் போத்தல் மை ஊற்றும் நாளில் அதே கட்டத்தை அடித்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.