மொட்டை மாடியில் 1949 க்ரைம் படம் போடுவது எப்படி

நன்றாக இருட்டும் முன் புரொஜெக்டரைப் போடாதீர்கள், தர்மபுரியில் கோடையில் ஏழரை மணியாவது ஆகட்டும். கறுப்பு வெள்ளையில் பாதிக் கதை நிழலில்தான் இருக்கிறது.

நான் சொல்லும் படம் இல்லீகல் என்ட்ரி, மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்கு ஆட்களைக் கடத்தும் கும்பலுக்குள் அரசுக்காக ஒருவன் ரகசியமாக நுழையும் கதை. அமெரிக்காவில் 1924ஆம் வருஷச் சட்டம் ஐரோப்பா போன்ற இடங்களிலிருந்து நாட்டுக்கு இத்தனை பேர்தான் குடியேறலாம் என்று அளவு வைத்திருந்ததைப் பெரியவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ‘எதுக்குப்பா திருட்டுத்தனமா வர்றாங்க’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

வசனத்தை ஒருவர் தமிழில் சொல்லட்டும், ஆனால் காதல் காட்சியில் வேண்டாம். உண்மையை மறைத்துக்கொண்டு அவன் கதாநாயகியிடம் பேசும்போது, அவளாக நடிக்கும் மார்ட்டா டோரென் முகத்தைப் பாருங்கள், எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு கனத்துவிடும்.