நெல்–உளுந்து, நெல்–பருத்தி வயல்களில் நைட்ரஸ் ஆக்சைடை அளக்கும் முறை

இராமநாதபுரம் மாவட்டத்தின் தொண்டி, திருவாடானைப் பகுதிகளில் புழுதி விதைப்பாக (மழைக்கு முன் காய்ந்த மண்ணில்) நெல்லைப் போட்டு, அறுவடைக்குப் பின் எஞ்சும் ஈரத்தில் உளுந்தோ பருத்தியோ எடுக்கும் வயல்களில், மண்ணிலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடை மூடுகலனால் (மண்ணின்மேல் கவிழ்த்து வாயுவைச் சேர்க்கும் கலனால்) அளக்க விரும்புவோருக்கு இதை எழுதுகிறேன். இவ்வாயு ஒரு கிலோ, நூறாண்டுக் கணக்கில் 273 கிலோ கரியமில வாயுவுக்கு இணையாக வெப்பமூட்டும்.

முதலில் பிவிசி வளையத்தை மண்ணில் 10 செ.மீ. இறக்கி, குலைந்த மண் அடங்க ஒரு நாளாவது விட்டுவிட வேண்டும். மறுநாள் காலை 9 முதல் 11 மணிக்குள், ஒளி புகாத வெள்ளைக் கலனை அதன்மேல் பொருத்தி, 0, 10, 20, 30 ஆவது நிமிடங்களில் ரப்பர் அடைப்பின் வழியே சிரிஞ்சால் காற்றை எடுத்து, வெற்றிடமாக்கிய கண்ணாடிக் குப்பிகளுக்கு உடனே மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் சிரிஞ்சிலேயே ஆய்வகம் வரை கொண்டுபோனால் வாயு கசியும். கலனைப் பொருத்த, வளைய விளிம்பில் நீர் ஊற்றிக் காற்றை அடைக்கும் பள்ளத்தைவிட ரப்பர் பட்டையும் கவ்விகளுமே நம் கடற்காற்றுக்கு ஏற்றவை என்பது என் உறுதியான கருத்து.

எனக்கு அதிக உழைப்பைக் கேட்ட படி, கலனின் உள்ளுயரத்தை அளப்பது. புழுதி உழவில் பொலபொலத்த மண் முதல் மழையிலேயே அமிழ்ந்துவிடுவதால், வளையத்தின் விளிம்புக்கும் மண்ணுக்கும் உள்ள இடைவெளி கூடிக்கொண்டே போகும். கணக்கிடும் வாயு வெளிப்பாடு இவ்வுயரத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், 30 செ.மீ. என்று குறித்த இடத்தில் உண்மையில் 33 இருந்தால் விடை ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு குறைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் நான்கு இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். அறுவடைக்குப் பின் களிமண் வெடிக்கும்போது வளையத்தை ஒட்டிய பிளவுகளையும் ஈரமண்ணால் அடைக்க வேண்டும்.

கணக்கு எளிது. உயரம் 30 செ.மீ., வெப்பம் 30 பாகை, அரை மணியில் செறிவு நூறு கோடியில் 330 பங்கிலிருந்து 450 பங்குக்கு ஏறியது என்றால், ஒரு சதுர மீட்டரில் மணிக்கு ஏறத்தாழ 127 மைக்ரோகிராம் வெளிப்படுகிறது. நான்கு புள்ளிகளும் ஒரு நேர்கோட்டில் அமையாவிடில் அந்த அளவீட்டை விட்டுவிடுங்கள்.

நாள் குறிப்பதில்தான் உண்மையான கவனம் வேண்டும். காய்ந்து கிடந்த மண் நனைந்தவுடன் நுண்ணுயிர்கள் விழித்தெழுந்து, சேர்ந்திருந்த நைட்ரேட்டைச் சிதைப்பதால் வாயு சட்டென்று பெருகி, சில நாளில் தணிந்துவிடும். வாரத்துக்கொரு முறை என்று நாட்காட்டி பார்த்து அளப்பவர் இந்தப் பெருக்கத்தையே தவறவிடுவார். முதல் மழைக்குப் பிறகும் யூரியா இட்ட பிறகும் நாள்தோறும் அளந்து, மற்ற நாட்களில் இடைவெளி விடுங்கள். தரிசாகக் கிடக்கும் கோடை மாதங்களையும் சேர்த்தால்தான் இரு சுழற்சிகளையும் நேர்மையாக ஒப்பிட முடியும்.

பின்சேர்க்கை: நீர் தேங்கிய வயலில் மீத்தேனையும் அளக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அதே குப்பியிலேயே அளக்கலாம். ஆனால் பயிர் முழுவதும் அடங்கும் உயரமான கலன் வேண்டும், ஏனெனில் மீத்தேனின் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டு வழியாகவே வெளியேறுகிறது. கடலை ஒட்டிய உவர் நிலத்தில் சல்பேட் மிகுதியால் மீத்தேன் குறைவாகத் தெரிந்தால், அதைக் கருவிக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

ஆய்வக வசதி இல்லாதவர்கள் ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் இயல்புக் காரணியை (அளவீடு இல்லாதபோது கொள்ளும் பொது விகிதத்தை) கையாளலாம். ஆண்டு மழை 1000 மி.மீ.க்குக் குறைந்த வெப்பமண்டல நிலத்துக்கு இட்ட நைட்ரஜனில் 0.5 விழுக்காடு நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறும் என்பது அதன் 2019 திருத்தம். பருத்திக்கு இடும் 45 கிலோ யூரியா மூட்டையில் 20.7 கிலோ நைட்ரஜன் உண்டு; அதிலிருந்து வரும் நைட்ரஸ் ஆக்சைடு ஏறத்தாழ 44 கிலோ கரியமில வாயுவுக்கு இணையாகும். அந்த மூட்டை மழைக்கு முந்தின நாள் இடப்பட்டதா, பிந்தின நாளா என்பதை இக்காரணி அறியாது. அதை அறியக் கலனே வேண்டும்.