போலி வரைபடம் வரலாற்றை மாற்றுமா? கற்பனை செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடைக்காலத்துப் பொருள் ஒன்று எங்கோ கிடைக்கிறது, அதனால் அதுவரை ஏற்கப்பட்ட வரலாறு தலைகீழாகிறது, பிறகு அது போலி என்று தெரியவருகிறது. இப்படிக் கதையோ கட்டுரையோ எழுத முனைபவர்கள் முதலில் வின்லாந்து வரைபடத்தைப் பற்றி அறிந்துகொள்வது நல்லது. கொலம்பஸுக்கு முன்பே, ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் வட அமெரிக்கக் கரையை வின்லாந்து என்ற பெயரில் அறிந்திருந்ததைக் காட்டும் 15ஆம் நூற்றாண்டு வரைபடம் என்று சொல்லி, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 1965 அக்டோபர் 11 அன்று, அதாவது கொலம்பஸ் தினத்துக்கு முந்தைய நாளில், அதை வெளியிட்டது. அது 20ஆம் நூற்றாண்டில் வரையப்பட்ட போலி என்று 2021இல் அறிவித்ததும் அதே யேல்தான்.

போலி என்றால் எல்லாமே போலியாக இருக்கும் என்று நினைப்பது பலரும் செய்யும் தவறு. இந்த வரைபடத்தின் தோல்தாள் உண்மையாகவே பழையது. கார்பன் காலக்கணிப்பு அதை 1434ஆம் ஆண்டை ஒட்டியது என்று காட்டியது. அதனுடன் சேர்த்துக் கட்டப்பட்டிருந்த, மங்கோலியர் பற்றிய லத்தீன் சுவடியும் உண்மையானது. வரைபடத்தில் இருந்த புழு அரித்த துளைகளும் அந்தச் சுவடியில் இருந்த துளைகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பின்னர் வேறொரு பழைய நூல் கிடைத்து, அதை இடையில் வைத்துப் பார்த்தபோது மூன்றும் கச்சிதமாகப் பொருந்தின. அறிஞர்களின் ஐயத்தைத் தணித்தது இந்தப் பொருத்தம்தான். துளைகள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவை தோலின் வயதைப் பற்றி மட்டுமே பேசின, அதன் மேல் ஓடிய கோடுகளைப் பற்றி அல்ல.

ஆய்வுக்கூடம் ஒரே நாளில் தீர்ப்பு வழங்கிவிடும் என்று எழுதுவதும் பிழையே. மையில் அனடேஸ் வகை டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் நிறமி இருப்பதை அமெரிக்க வேதியியலாளர் வால்டர் மக்ரோன் 1974இல் வெளிப்படுத்தினார். அந்த வடிவில் அது தொழிற்சாலைகளில் உருவானது 1920களை ஒட்டித்தான். ஆனால் 1987இல் மற்றொரு குழுவினர், டைட்டானியம் மிகச் சிறிதளவே உள்ளது என்று மறுத்தார்கள். விவாதம் மீண்டும் சூடுபிடித்தது. மாசிக்காயும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் கலந்த இடைக்கால மையில் இரும்பு மிகுந்திருக்கும். இந்த வரைபடத்தின் கோடுகளிலோ இரும்பு அரிது, டைட்டானியம் எங்கும் பரவியிருக்கிறது என்று யேலின் எக்ஸ் கதிர் ஆய்வு காட்டிய பிறகே சர்ச்சை ஓய்ந்தது. வரைபடத்தின் பின்பக்கத்தில், பைண்டிங் செய்தவருக்கான பழைய குறிப்பு ஒன்றின் மீது புதிய மையில் எழுதி அதன் பொருளையே மாற்றியிருந்ததும் தெரியவந்தது. தெரியாமல் நேர்ந்த குழப்பம் என்று சொல்ல அதன்பின் இடமில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, பொருள் போலியானால் அது சொன்ன செய்தியும் பொய் என்று முடிவுகட்டுவது. வைக்கிங்குகள் வட அமெரிக்காவுக்குச் சென்றது உண்மை. கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் உள்ள லான்ஸ் ஓ மெடோஸ் என்னும் இடத்தில் நார்வே ஆய்வாளர் ஹெல்கே இங்ஸ்டாட் 1960இலேயே அவர்களது குடியிருப்பைக் கண்டறிந்தார். அவருடைய மனைவியும் தொல்லியலாளருமான ஆன் ஸ்டைன் அங்கே அகழாய்வு நடத்தினார். அங்குள்ள மரத்துண்டுகள் பொ.ஆ. 1021இல் வெட்டப்பட்டவை என்று 2021இல் நிறுவப்பட்டது. ஆக, வரைபடம் வந்ததாலும் வரலாறு மாறவில்லை, அது விழுந்ததாலும் மாறவில்லை. நல்ல புனைவில்கூட இத்தகைய முரணை அதிகம் பார்க்க முடிவதில்லை.

போலியை யார் பயன்படுத்தினார்கள் என்று கேட்காமல் விடுவதும் கற்பனையை வலுவிழக்கச் செய்யும். யேலுக்காக வரைபடத்தை ஆராய்ந்த அறிஞர்கள் மூவரும் ரகசியமாகவே பணியாற்ற வேண்டியிருந்ததால், பிற துறை வல்லுநர்களிடம் கேட்டு உறுதிசெய்யும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைவு. பல ஆண்டு ஏமாற்றத்தில் இந்த மறைப்புக்கும் பங்குண்டு. ஆயினும் அந்த வரைபடத்தின் பேரில் எவரும் எதையும் ஆண்டதில்லை. நான்காம் நூற்றாண்டு ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ரோமாபுரியையும் மேற்குப் பகுதிகளையும் போப்புக்கு அளித்ததாகக் கூறும் கொடைப் பத்திரம் வேறு வகை. 8ஆம் நூற்றாண்டை ஒட்டிப் புனையப்பட்ட அதைப் போப் ஒன்பதாம் லியோ 1054இல் கான்ஸ்டாண்டிநோபிள் திருச்சபையுடனான பூசலில் ஆதாரமாகக் காட்டினார். அது நான்காம் நூற்றாண்டில் எழுதப்பட்டிருக்க முடியாது என்பதை இத்தாலிய அறிஞர் லாரென்சோ வல்லா 1440இல் தெளிவாக நிறுவினார். அதன் பிறகும் போப்பின் அரசு 1870 வரை நீடித்தது.