அப்பத்தாவின் தலையாட்டலை நம்பாதீர்கள்

"புரிஞ்சுதா பாட்டி?" என்று டாக்டர் கேட்பார். அப்பத்தா தலையாட்டுவார். நாமும் சீட்டை மடித்துப் பையில் செருகிக்கொண்டு மண்டபம் பஸ்ஸுக்கு ஓடுவோம். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. டாக்டர் முன்னாலேயே, "எதை எப்பப் போடணும், நீயே சொல்லு பாப்போம்" என்று கேளுங்கள். "கண்ணாடி எடுத்து வரல, நீ படி" என்கிறவர்களில் எழுத்தே தெரியாதவர்களும் உண்டு. அதைச் சொல்லக் கூச்சம், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் நடந்தது வேறு. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வந்தபின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன. இதற்கிடையே சித்தப்பா ராமநாதபுரத்தில் தனியார் டாக்டரிடம் காட்டி, கடையிலும் வாங்கிக் கொடுத்தார். ஒன்று வெள்ளை, ஒன்று பச்சை. "அது கவர்மெண்டு மாத்திரை, இது கடை மாத்திரை" என்று அப்பத்தா இரண்டையும் போட்டார். இரண்டிலும் இருந்தது சர்க்கரையைக் குறைக்கும் ஒரே மருந்து, கிளிமிப்ரைடு. ஒரு மத்தியானம் சர்க்கரை ரொம்ப இறங்கி, வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. சீனித்தண்ணீர் கொடுத்த பிறகுதான் தெளிந்தார். (நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும்.) கடை அட்டையில் கம்பெனி வைத்த பெயரும் இருக்கும், மருந்தின் பெயரும் இருக்கும். மருந்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரே பையில் அள்ளிக்கொண்டு போங்கள்.

"காலையில ஒண்ணு" என்பதும் எல்லோருக்கும் ஒன்றல்ல. விடியுமுன் தொழிலுக்குப் போகிற பாம்பன்காரருக்குக் காலை எது? வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுப் படகேறினால் நடுக்கடலில் மயக்கம் வரலாம். எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், எப்போது கஞ்சி குடிக்கிறார் என்று டாக்டரிடம் நாமாகவே சொல்ல வேண்டும். கீழக்கரையில் நோன்பு வைக்கும் பெரியவர்கள் ரமலானுக்கு முன்பே போய்க் கேட்டுக்கொள்வது நல்லது. சஹருக்கு (விடியுமுன் சாப்பிடும் சாப்பாட்டுக்கு) எது, நோன்பு திறக்கும்போது எது என்று அளவே மாறலாம்.

உப்பைக் குறை என்றால் குழம்பில் மட்டும் குறைப்பார்கள், கருவாட்டை விடமாட்டார்கள். வாலிநோக்கத்தில் உப்பு விளைகிற மாவட்டம், நாக்கு அப்படித்தான் பழகியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். கருவாட்டில் ஏறிய உப்பும் அந்தக் கணக்கில்தான் வரும். இந்துப்புக்கும் சலுகை கிடையாது.

"சுகர் நார்மல்னு வந்துருச்சு" என்று மாத்திரையை நிறுத்துவது, தலை சுற்றினால் மட்டும் பிரஷர் மாத்திரை போடுவது, இரண்டும் ஊரெங்கும் நடக்கிறது. நார்மலாக வைத்திருப்பதே அந்த மாத்திரைதான். பிரஷரோ பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது.

இன்னொன்று, அட்டையைக் கத்தரித்துத் துண்டுதுண்டாகச் சுருக்குப்பையில் போடுவது. அப்புறம் பெயரும் காலாவதித் தேதியும் எந்தத் துண்டில் போயின என்று யாருக்கும் தெரியாது. அப்பத்தாவிடமிருந்து கத்தரிக்கோலை வாங்கி வைக்க எனக்கு மூன்று மாதம் ஆனது.