டொலரில் விலை, ரூபாயில் வருமானம்: நிரல் எழுதுபவர்கள் கருவி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இருந்து மென்பொருள் எழுதுகிற பெரும்பாலானோருக்கு வருமானம் ரூபாயில் வருகிறது. அவர்கள் பாவிக்கும் கருவிகளின் விலையோ டொலரில் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். அதே ஆண்டு மே மாதத்தில் அது 360 ரூபாயைத் தொட்டது. மாதம் 10 டொலர் சந்தா கட்டிக்கொண்டிருந்தவருக்கு, அதே கருவிக்கு 2,000 ரூபாய் போன இடத்தில் 3,600 ரூபாய் போனது. பின்னர் டொலர் கொஞ்சம் இறங்கினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

பெரிய நிறுவனத்தில் இருப்பவருக்கு இந்தக் கணக்கை நிறுவனம் பார்த்துக்கொள்ளும். வீட்டிலிருந்து வேலை செய்பவரும், இரண்டு மூன்று நண்பர்களோடு சிறு நிறுவனம் நடத்துபவரும் தாங்களே பார்க்க வேண்டும். இதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. இலவசக் கருவி எந்த இடத்தில் உங்கள் வேலையை மறிக்கிறது என்று ஒரே வசனத்தில் சொல்ல முடியும்வரை, அதற்கு மாற்றாக எதையும் காசு கொடுத்து வாங்காதீர்கள். கொடுக்கும் முதல் காசும் மென்பொருளுக்குப் போகாமல் கணினிக்குப் போகட்டும்.

நான் அதிகம் காணும் தவறும் கணினியைப் பற்றியதே. செங்கலடியிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். அன்ட்ரொயிட் செயலி எழுதப் பழகுகிறார். ஏதாவது கட்டண மென்பொருள் வாங்கினால் வேலை வேகமாகுமா என்று கேட்டார். அவருடைய மடிக்கணினியைத் திறந்து பார்த்தோம். 4 ஜீபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். அன்ட்ரொயிட் ஸ்டூடியோவைத் திறந்ததும் விசிறி இரைந்தது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் போய் நின்றுவிட்டது. ஒரு வரியை மாற்றி ஓடவிட்டால், தேநீர் குடித்துவிட்டு வரும் அளவுக்கு நேரம் எடுத்தது. கூகுள் அந்த மென்பொருளுக்குக் கேட்கும் குறைந்தபட்ச ராமே 8 ஜீபி. கணினிக்குள்ளேயே ஒரு போலித் தொலைபேசியை ஓடவிடும் எமுலேட்டரும் வேண்டுமென்றால் 16 ஜீபி இருப்பது நல்லது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டு, ராமைக் கூட்டி, எமுலேட்டரை விட்டுவிட்டுத் தன் கைத்தொலைபேசியையே யூ.எஸ்.பி. வயரால் இணைத்துச் சோதிக்கச் சொன்னேன். எந்தச் சந்தாவும் தராத வேகம் அந்தக் கணினிக்கு வந்தது.

பாவித்த மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். ராம் கணினியின் தாய்ப்பலகையோடு ஒட்டி வருகிறதா, கூட்டுவதற்கு இடம் இருக்கிறதா என்று கடையிலேயே கேளுங்கள். விண்டோஸிலேயே ஒரு பற்றரி அறிக்கை எடுக்கலாம். பற்றரி புதிதாக இருந்தபோது எவ்வளவு தாங்கியது, இப்போது எவ்வளவு தாங்குகிறது என்ற இரண்டும் அதில் இருக்கும். அதை எடுத்துக் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். இன்னொன்று, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய புரொசசர்களை ஏற்காது. ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் கடைகளில் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. உபுண்டு போன்ற லினக்ஸ் அவற்றில் நன்றாகவே ஓடும். இணையத்தளம் கட்டுபவருக்கும் பைதான் எழுதுபவருக்கும் அதுவே போதும். ஆனால் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து வாங்கும் கணினியில் இந்த விடயம் வாங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது திருட்டுப் பிரதி. இதை ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் சொல்லிச் சொல்லி யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. தொழில் கண்ணோடு பாருங்கள். உரிமப் பூட்டை உடைத்த மென்பொருளை நிறுவ முதற்படி என்ன? வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுத்தச் சொல்வார்கள். அந்த நிமிடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரலுக்கு உங்கள் கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுத்துவிடுகிறீர்கள். விண்டோஸை உடைக்கப் பலரும் தேடுகிற கே.எம்.எஸ். பிக்கோவின் பெயரில் கிரிப்ட்பொட் என்ற திருட்டு நிரல் பரப்பப்பட்டது 2021 டிசம்பரில் வெளிவந்தது. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் கிரிப்டோ பணப்பைகளையும் அள்ளிச் செல்வதே அதன் வேலை. நிரல் எழுதுபவரின் கணினியில் இருப்பது அவருடைய பொருள் மட்டுமல்ல. வாடிக்கையாளரின் சேர்வர் கடவுச்சொல் இருக்கிறது, ஏதோ ஒரு கடையின் விற்பனைத் தரவு இருக்கிறது. சட்டமும் இருக்கிறது: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. நாம் எழுதி விற்கும் மென்பொருளைக் காப்பதும் அதே சட்டம்தான்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது, உடைத்துப் பாவிக்கத் தேவையே இல்லாத இடத்தில் உடைப்பது. நிரல் எழுதப் பாவிக்கும் மைக்ரோசொப்டின் விசுவல் ஸ்டூடியோவில், கம்யூனிட்டி பதிப்பைத் தனிநபர் ஒருவர் இலவசமாகப் பாவித்து, அதில் எழுதியதை விற்கவும் செய்யலாம். சிறு நிறுவனமென்றால் ஐந்து பேர்வரை பாவிக்கலாம். 250க்கு மேற்பட்ட கணினிகளோ 10 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட ஆண்டு வருமானமோ உள்ள பெரிய நிறுவனங்களுக்குத்தான் அந்தச் சலுகை இல்லை. மூன்று பேர் சேர்ந்து காத்தான்குடிக் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதினால் அவர்கள் இந்த வரம்புக்குள் வசதியாக அடங்குவார்கள். அப்படியிருந்தும் கட்டணமுள்ள என்டர்பிரைஸ் பதிப்பை உடைத்து நிறுவியிருப்பதைக் கண்டிருக்கிறேன். அதிலுள்ள மேலதிக வசதிகளில் ஒன்றையாவது அவர்கள் தொட்டிருக்கவில்லை.

இலவசம் என்ற சொல்லைக் கண்டதும் நிபந்தனையை வாசிக்காமல் விடுவது இதன் மறுபக்கம். ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனம் 2024 ஒக்டோபரில் வெப்ஸ்டோர்ம், ரைடர் என்ற நிரல் எழுதும் மென்பொருள்கள் இரண்டையும் வணிகமல்லாத பாவனைக்கு இலவசமாக்கியது. படிக்கலாம், பொழுதுபோக்காக எழுதலாம். வாடிக்கையாளரிடம் காசு வாங்கும் வேலைக்கு அதே உரிமம் செல்லாது. மாணவர் உரிமமும் அப்படியே. அந்த நிறுவனத்தின் தனிநபர் உரிமத்தை வாங்கினால் உழைப்புக்கும் பாவிக்கலாம், ஆனால் அந்தப் பணத்தை உங்கள் நிறுவனம் திருப்பித் தரக்கூடாது. ஒரே உரிமத்தை நண்பர்கள் பங்குபோடவும் கூடாது. மென்பொருளைத் தனிப் பொதியாகக் கட்டி ஓடவிடும் டொக்கர் டெஸ்க்டொப் 2021இல் பெரிய நிறுவனங்களுக்குக் கட்டணம் விதித்தபோது, சிறு நிறுவனங்களை விலக்கியே வைத்தது. ஒவ்வொரு கருவிக்கும் கோடு வேறு வேறு இடத்தில் விழுகிறது. அரை மணி நேரம் ஒதுக்கி, விலைப் பக்கத்தையும் உரிமப் பக்கத்தையும் வாசித்துவிடுங்கள்.

உண்மையிலேயே காசு கொடுக்க வேண்டிய கட்டம் வந்தால், சந்தா நின்ற பிறகு கையில் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். ஜெட்பிரெய்ன்ஸில் தொடர்ந்து 12 மாதம் கட்டியவருக்கு, அந்த 12 மாதத்தின் தொடக்கத்தில் இருந்த பதிப்பு நிரந்தரமாகச் சொந்தமாகிறது. வேலை குறைந்து அடுத்த ஆண்டு கட்ட முடியாமல் போனாலும் அதை வைத்துத் தொடரலாம். மாதாமாதம் நிச்சயமான வருமானம் இல்லாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல். பல சந்தாக்களில் பணம் நின்ற அன்றே கதவு சாத்தப்படும். வருடச் சந்தா மலிவு என்று எடுத்த எடுப்பில் கட்டிவிடாமல், முதல் ஓரிரு மாதம் மாதக் கட்டணத்தில் பாவித்துப் பார்ப்பதே எங்கள் நிலைமைக்குப் பொருந்தும்.

இலவசப் பரீட்சார்த்தக் காலத்துக்குச் சம்பளக் கணக்கின் அட்டையைக் கொடுக்காதீர்கள். சிறு தொகை மட்டும் இருக்கும் தனிக் கணக்கொன்றின் டெபிட் அட்டை போதும். பதிவு செய்த அன்றே ரத்துச் செய்யும் வழியையும் பார்த்து வையுங்கள். வெளிநாட்டுக் கட்டணத்துக்கு வங்கி தன் பங்குக்கும் சேர்த்தே கழிக்கும். விலைப் பக்கத்தில் இருக்கும் எண்ணை டொலரின் ரூபாய் விலையால் பெருக்கி நிறுத்திக்கொண்டால் கணக்குப் பிழையாகும்.

இணையவழி கணினிகளை வாடகைக்குத் தரும் கிளவுட் சேவைகளில் எதிர்பாராத கட்டணம் இன்னும் ஆபத்து. அமேசன் கிளவுட்டின் அணுகல் சாவியை (கடவுச்சொல் போன்றது) நிரலுக்குள்ளேயே எழுதி, அதை நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்கும் களஞ்சியத்தில் ஏற்றிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட சாவிகளைத் தேடித் திரியும் தானியங்கி நிரல்கள் நிமிடக் கணக்கில் கண்டுபிடித்து, உங்கள் செலவில் கிரிப்டோ தோண்டத் தொடங்கிவிடும். சாவி தனிக் கோப்பில் இருக்க வேண்டும். நிரலின் மாற்றங்களைப் பதிந்து கிட்ஹப்புக்கு அனுப்பும் கிட் என்ற கருவி அந்தக் கோப்பைத் தொடாதபடி முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும். செலவு எச்சரிக்கையையும் போட்டுவிடுங்கள். ஆனால் அந்த எச்சரிக்கை மின்னஞ்சல் மட்டுமே அனுப்பும், செலவைத் தானாக நிறுத்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிறு திட்டங்களுக்கு மாதம் இவ்வளவுதான் என்று விலை நிலையாக இருக்கும் சேர்வரே மேல்.

இணையம் எப்போதும் இருக்கும் என்று நம்பிக் கருவியைத் தெரிவதும் இங்கே சரிவராது. மாரி தொடங்கினால் மின்சாரம் போகும். மடிக்கணினி பற்றரியில் ஓடும், ரவுட்டர் அணைந்துவிடும். பிரவுசருக்குள் மட்டும் இயங்கும் கருவியை நம்பியிருந்தால் அத்தோடு வேலையும் நின்றுவிடும். ரவுட்டருக்கு ஒரு சிறு யூ.பி.எஸ். வாங்குவது பல சந்தாக்களைவிடப் பயன்தரும். ஸீல் என்ற இலவச மென்பொருளில் மொழிகளின் கையேடுகளை இறக்கி வைத்தால் இணையமில்லாமலே புரட்டலாம். ஜீபி கணக்கில் இறக்க வேண்டியவற்றை இரவு டேட்டாவுக்கு விடுங்கள்.

வாடிக்கையாளருக்கு விலை சொல்லும்போது கருவிச் செலவை மறப்பவர்களும் பலர். செயலியை கூகுள் பிளேயில் வெளியிட ஒரு தடவை 25 டொலர் கட்ட வேண்டும். அப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டொலர், அதோடு ஐபோன் செயலியை உருவாக்க ஒரு மெக் கணினியோ வாடகை மெக் சேவையோ வேண்டும். கூகுள் பிளேயில் புதிதாகத் தனிநபர் கணக்குத் திறப்பவர், வெளியிடும் முன் 12 பேரைக் கொண்டு 14 நாள் தொடர்ந்து சோதிக்கவும் வேண்டும். அந்த இரண்டு வாரத்தைக் கணக்கில் சேர்க்காமல் பெருநாளுக்குத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் திண்டாடுகிறார்கள். டொமைன், சேர்வர், செயலி வெளியிடும் கணக்கு எல்லாம் வாடிக்கையாளரின் பெயரிலும் அவருடைய அட்டையிலும் இருக்கட்டும். டொலர் ஏறினால் அந்தச் சுமை உங்கள் தலையில் விழாது. வேலை முடிந்து பிரியும்போது வீண் மனத்தாங்கலும் வராது.

வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. பல்கலைக்கழக மின்னஞ்சல் இருக்கும்போதே கிட்ஹப்பின் மாணவர் தொகுப்புக்கும் ஜெட்பிரெய்ன்ஸின் மாணவர் உரிமத்துக்கும் விண்ணப்பியுங்கள். இறுதியாண்டுவரை அப்படியொன்று இருப்பதே தெரியாமல் பலர் இருந்துவிடுகிறார்கள். அதைப் போலவே, பட்டம் பெற்று வெளியேறும் முன் கிட்ஹப் கணக்கில் உங்கள் சொந்த மின்னஞ்சலைச் சேர்த்து அதையே முதன்மை முகவரியாக மாற்றிவிடுங்கள். பல்கலைக்கழக முகவரி ஒருநாள் மூடப்படும். அதன் பிறகு கடவுச்சொல் மறந்தால், நான்கு வருடமாக எழுதிய நிரல் முழுவதும் உள்ளே இருக்க, மீட்பு மின்னஞ்சல் உங்களால் திறக்க முடியாத பெட்டிக்குப் போய்ச் சேரும்.