சிலிகான் பிசிறு: “இன்னும் மூணு நிமிஷம் ஓட்டிடட்டா?”

போன மாதம் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு யூனிட்டுக்குப் போயிருந்தேன் (புதுச்சேரி மேட்டுப்பாளையம், ஊட்டி அடிவாரம் இல்லை). புதிதாகச் சேர்ந்த பையன் கிரையோ மிஷினின் (ரப்பர் உருப்படிகளை உறையவைத்துப் பிசிறு உதிர்க்கும் மிஷின்) கதவைத் திறந்து ஒரு சிலிகான் ரப்பர் வாஷரை எடுத்து, ஓரத்தில் தொங்கிய பிசிறை நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இன்னும் மூணு நிமிஷம் ஓட்டிடட்டா?” என்றான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் சேதராப்பட்டில் நானும் அச்சு அசலாக இதையேதான் கேட்டேன். அன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ரப்பரை வார்க்கும் அச்சான மோல்டின் இரண்டு பாதியும் சேரும் இடுக்கில் சவ்வு மாதிரி வழிந்து நிற்பதுதான் பிசிறு. சின்னச் சின்ன உருப்படிகளில் அதைப் பிளேடு வைத்து வெட்ட உட்கார்ந்தால் பொழுது போய்விடும். அதனால் மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைப் பீய்ச்சிச் சேம்பரைக் குளிரவைத்து, உருப்படிகளை உருட்டிக்கொண்டே பொடிப்பொடியான பாலிகார்பனேட் மணிகளால் அடிக்கிறோம். மெல்லிசான பிசிறு முதலில் விறைத்து அப்பளம் மாதிரி நொறுங்கும். உருப்படியின் கனமான உடம்பு அதற்குள் அவ்வளவு குளிர்ந்திருக்காது, அடியை வாங்கிக்கொண்டு துள்ளிவிடும். பிசிறு விறைத்து உடம்பு விறைக்காத அந்தச் சில நிமிஷம்தான் நமக்குக் கிடைக்கிற அவகாசம்.

கையுறை போடு, கண்ணாடி போடு என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர் மிஷின் பக்கமே வரக் கூடாது.

நைட்ரைல் அளவில் சிலிகானை ஓட்டுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

சேதராப்பட்டில் எங்கள் மிஷினில் அதுவரை ஓடியது பெரும்பாலும் நைட்ரைல் என்கிற ரப்பரில் செய்த ஓ-ரிங். மைனஸ் 80 வைத்தால் பிசிறு சுத்தமாக உதிர்ந்துவிடும். அப்புறம் சிலிகான் ஆர்டர் ஒன்று வந்தது, பால் குழாய் லைனுக்குப் போகிற வெள்ளை கேஸ்கெட் (இணைப்பில் கசியாமல் அடைக்கிற வளையம்), நல்ல மிருது. ரப்பர்தானே என்று அதே மைனஸ் 80-ல் போட்டேன். பிசிறு போகவில்லை. மூன்று நிமிஷம் கூட்டினேன், பாதி போனது. இன்னும் மூன்று நிமிஷம், அதோடு மணிகளை வீசும் சக்கரத்தின் வேகத்தையும் ஏற்றினேன். எல்லாம் போயிற்று. சூப்பர்வைசர் தோளில் தட்டினார். ஆறாயிரம் பீஸையும் அதே மாதிரி ஓட்டி, பெட்டி கட்டி அனுப்பிவிட்டோம்.

மூன்றே வாரத்தில் மொத்தமும் திரும்பி வந்தது. மாட்டும்போதே கிழிகிறதாம். ஒன்றை எடுத்து லூப் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் பூதக்கண்ணாடி) வைத்துப் பார்த்தேன். பளபளவென்று இருக்க வேண்டிய முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரி பள்ளம், உள் ஓரம் எலி கொறித்த மாதிரி. வெறும் கண்ணுக்கு இரண்டுமே தெரியவில்லை. இரண்டு விரலில் மாட்டி இழுத்தபோதுதான் ஓரத்தில் இருந்த சின்ன வெட்டு வாய் திறந்து, பட்டென்று குறுக்கே ஓடியது. சிலிகான் சூட்டைத் தாங்கும், ஆனால் ஒரு கீறல் விழுந்துவிட்டால் கிழிவதற்கு ரொம்ப நேரம் ஆகாது.

நடந்தது இதுதான். நைட்ரைல் அதன் கிரேடைப் பொறுத்து மைனஸ் 20-லிருந்து 40-க்குள் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். சிலிகான் மைனஸ் 45 வாக்கில் கொஞ்சம் முரடாகுமே தவிர, கண்ணாடி மாதிரி ஆக மைனஸ் 120 பக்கம் போக வேண்டும். மைனஸ் 80-ல் அதன் பிசிறு தோல் மாதிரிதான் இருக்கும், அடித்தால் வளையும், உடையாது. நான் நேரத்தைக் கூட்டக் கூட்ட உடம்பும் அதே மைனஸ் 80-க்கு வந்து சேர்ந்துவிட்டது. பிசிறுக்கும் உடம்புக்கும் இருந்த வித்தியாசம் காலி. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் வெறும் அடிதான். பிசிறு உடைந்து விழவில்லை, வேரோடு பிய்ந்து, போகிறபோது உடம்பிலும் ஒரு துணுக்கைக் கடித்துக்கொண்டு போனது.

ஆகவே பிசிறு போகவில்லை என்றால் முதலில் குளிரைக் கூட்டுங்கள், நேரத்தைக் குறையுங்கள். இருபது பீஸ் மட்டும் எடுத்து, பத்துப் பத்து டிகிரியாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் லூப்பிலும் பாருங்கள், இழுத்தும் பாருங்கள். அதே கேஸ்கெட் எங்களுக்கு மைனஸ் 125-ல் நாலே நிமிஷத்தில் வந்தது. “அவ்வளவு குளிர் வைத்தால் நைட்ரஜன் எவ்வளவு குடிக்கும் தெரியுமா?” என்று முதலாளி கேட்பார். கேட்கட்டும். மைனஸ் 80-ல் பன்னிரண்டு நிமிஷம் ஓட்டினால் அது மட்டும் சும்மாவா குடிக்கிறது? ஆறாயிரம் பீஸைக் குப்பையில் போட்ட கணக்கையும் அதோடு சேர்த்துக் காட்டுங்கள்.

இன்னொன்று, டிஸ்பிளேயில் தெரிவது சேம்பருக்குள் இருக்கும் வாயுவின் குளிர், உருப்படியின் குளிர் அல்ல. கூடையை வாய் வரைக்கும் நிரப்பினால் நடுவில் மாட்டியவை பின்தங்கும். ஒரே பேட்ச்சில் பாதி நன்றாகவும் பாதி பிசிறோடும் வந்தால் லோடைக் குறைத்துப் பாருங்கள்.

காலையின் முதல் பேட்ச்

சுவரும் கூடையும் சூடாக இருக்கும். முதலில் காலியாக ஓட்டிக் குளிரவையுங்கள்.

ஈர மணிகள்

நம் கடற்கரைக்கென்றே இருக்கும் சனியன் இது. சுற்று முடிந்த கையோடு கதவைத் திறந்தால் உப்புக்காற்றின் ஈரம் முழுக்க உள்ளே புகுந்து, உருப்படி மேலும் மணிகள் மேலும் உறைபனியாகப் படியும். அது உருகி, அடுத்த சுற்றில் மறுபடி உறைந்து, மணிகள் கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்ளும். சல்லடை அடைக்கும், சக்கரத்துக்குப் போகிற மணி குறையும், பிசிறு நிற்கும். உடனே பையன் என்ன சொல்வான்? இன்னும் மூணு நிமிஷம்.

கடலூர் சிப்காட்டில் நான் இருந்த யூனிட்டில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மணி டப்பாவுக்குள் ஒரு 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு ராத்திரி பூராவும் எரியவிடுவோம். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், காலையில் மணிகள் மணல் மாதிரி பொலபொலவென்று ஓடும். உருப்படிகளையும் அப்படியே திறந்த தட்டில் கொட்டாமல் மூடிய டப்பாவில் வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். சிலிகானில் தூசு ஒட்டும் என்பது தெரிந்ததுதானே, ஈரமும் சேர்ந்தால் உதிர்ந்த பிசிறெல்லாம் அதன் மேலேயே அப்பிக்கொள்ளும்.

கனத்த பிசிறு

தாள் கனத்தைத் தாண்டினால் மோல்டைச் சரி பண்ணுங்கள். மிஷினைத் திட்டாதீர்கள்.

சின்னதும் பெரியதும் ஒரே லோடில்

வேண்டாம்.

மழைக்கு ஜன்னலை அடைப்பது

சாரல் அடிக்கிறது என்று அடைப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன், நானே அடைத்தும் இருக்கிறேன். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயு. அது அறையில் இருக்கும் காற்றைத் தள்ளிவிட்டுத் தரையோரம் தங்கும். வெள்ளையாகத் தெரிகிற புகை நைட்ரஜனே இல்லை, குளிரில் திரண்ட நீராவி. புகை கலைந்துவிட்டது என்பதால் அறை சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. மூச்சு முட்டுகிற உணர்வு நமக்குக் கரியமில வாயு ஏறினால்தான் வரும், இங்கே அது ஏறாது. அதனால் திணறலே தெரியாமல் ஆள் சாய்ந்துவிடுவார். காற்றில் சாதாரணமாக 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 19.5-க்குக் கீழே போனால் வெளியே வந்துவிட வேண்டும். அதைச் சொல்லும் மீட்டர் இடுப்பு உயரத்தில் ஒன்று மாட்டியிருக்கிறதா, அதில் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் மீட்டர் இருந்தது, பேட்டரி இல்லை. பையனைக் கடைக்கு அனுப்பிவிட்டு, அவன் வருகிற வரைக்கும் மிஷினை நிறுத்தி வைத்தேன்.